சுவருக்கு வெளியே நட்ட பலகை

அந்த இடம் என்னுடையதல்ல!

தங்கச்சிமடத்தில், சாலையை ஒட்டிய பூவரச மரத்தடியில், 'தனியார் இடம். வாகனம் நிறுத்தக் கூடாது' என்ற பலகையை நீங்கள் பார்த்திருக்கலாம். இராமேஸ்வரம் போகிற வழியில் நிழலைக் கண்டு வண்டியை ஒதுக்கியிருப்பீர்கள். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவன் ஓடிவந்து, "பலகை கண்ணுக்குத் தெரியலையா? எடுங்க வண்டிய!" என்று கத்தியிருப்பான். நீங்களும் பாவம், மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பியிருப்பீர்கள்... அவன் நான்தான். நீங்கள் கிளம்பியிருக்க வேண்டியதே இல்லை. அது புறம்போக்கு. அதில் உங்களுக்கு எவ்வளவு உரிமையோ, அவ்வளவுதான் எனக்கும்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். மரத்துக்குப் பக்கத்து வீட்டை எனக்கு விற்றவர் மதில்சுவரைத் தட்டிக் காட்டி, "இதோட நம்ம எல்லை முடிஞ்சுச்சு. அங்கிட்டு சர்க்கார் இடம்" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க்காட்டுக்காரன். எங்கள் பக்கம், கேட்பாரற்ற தரிசில் எவன் முதலில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைக்கிறானோ, அவனிடம்தான் மற்றவன் வந்து பேச வேண்டும். அந்தப் புத்தியோடுதான் கடற்கரைக்கு வந்தேன். மாடியில் இரண்டு அறை கட்டி யாத்திரைக்காரர்களுக்கு விட்டேன். வருகிறவர்களெல்லாம் "கார் நிறுத்த இடமிருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். நாலு கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து மரத்தடியில் வைத்தேன். யாரும் கேட்கவில்லை. சங்கிலி கட்டினேன். அதற்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம்தான் பலகை. கொஞ்ச நாளில் ஊரே அதை என் இடம் என்றது. எனக்கே சில நேரம் அப்படித்தான் தோன்றியது!

ஆனால் மடியில் கனமிருந்தால் வழியில் பயமிருக்குமே... சாலையில் ஒரு ஜீப் வேகம் குறைந்தால் போதும், மாடிக்கு ஓடி ஜன்னல் வழியே பார்ப்பேன். எவனாவது நின்று செல்போனில் படம் எடுத்தால், இவன் தாலுகா ஆபீஸ் ஆளோ? பால்காரர் ஒருநாள் சும்மா, "இடம் எம்புட்டுண்ணே வரும்?" என்று கேட்டார். அன்றோடு அவரிடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

இந்தச் சந்தேகத்துக்குப் பலியானவர் சகாயமேரி அக்கா.

நாலு வீடு தள்ளியிருப்பவர். அவர் வாசலில் வண்டி நிறுத்த இடமும் இல்லை, நிழலும் இல்லை. கரையில் மீன் எடுத்து, மொபெட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிடும். பூவரச நிழலில் வண்டியை விட்டுவிட்டு, கூடையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு சந்துகளுக்குள் நடந்து விற்பார். நிழலில் நின்றால் ஐஸ் சீக்கிரம் கரையாது. மீதி மீனைப் பாலம் தாண்டி உச்சிப்புளி வரைக்கும் கொண்டுபோய்விடலாம். அவர் பிழைப்பே அந்த நிழலில்தான் இருந்தது.

நான் வருவதற்கு முன்பிருந்தே அங்கே நிறுத்துகிறவர். அதுதான் என்னை உறுத்தியது. இன்றைக்கு வண்டி... நாளைக்கு ஒரு குடை... அப்புறம் நாலு கம்பை நட்டுக் கீற்றைப் போட்டு, 'இத்தனை வருசமா எங்க அனுபவத்துல இருக்கு' என்று சொல்லிவிட்டால்? நான் வந்த வழியிலேயே அவரும் வருவார் என்று நினைத்தேன். தன்னைப்போல் பிறரையும் நினை என்பதை நான் கடைப்பிடித்த லட்சணம் இது!

"அக்கா, இனிமே இங்கன வண்டியப் போடாதீக. ரூமுக்கு வாரவுக காரு நிக்கணும்."

"ஒரு ஓரமாத்தானே தம்பி நிக்கிது?"

"ஓரமோ நடுவோ, இடத்துக்காரன் சொன்னா கேக்கணும்ல?"

இடத்துக்காரன்! சொல்லும்போது நாக்குக் கூசவில்லை. அக்கா ஸ்டாண்டை எடுத்தார். "சரி தம்பி" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் எதிர்ப்பக்கம், சாலையோரத்து வெயிலில் நிறுத்தினார். ஆடி அமாவாசைக் கூட்டத்தில், பின்னால் எடுத்த ஒரு சுற்றுலாப் பேருந்து அந்த மொபெட்டை மின்கம்பத்தோடு வைத்து நசுக்கிவிட்டு நிற்காமல் போய்விட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். ஐஸும் மீனும் தார் ரோட்டில் சிதறிக் கிடந்தன. அக்கா தலையில் கைவைத்து நின்றார். "ஆண்டவரே, இனி எதை வச்சுப் பொழைப்பேன்!" என்றார். பிறகு தலைச்சுமைதான். மீன்கூடை என்றால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். உச்சிப்புளி வியாபாரம் அடியோடு போயிற்று.

அப்போதாவது பலகையைப் பிடுங்கினேனா? இல்லை.

பிறகு ஒருநாள், நான் வெளியே போயிருந்த நேரத்தில் ஒரு வேன்காரர் சங்கிலியை அவிழ்த்துவிட்டு உள்ளே நிறுத்திவிட்டார். வந்து பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அவரும் விடவில்லை, போலீசைக் கூப்பிட்டார்.

ஏட்டையா வந்தார். "பட்டா இருக்கா?" என்றார். "ஊர்ல பீரோவுல இருக்கு சார்..." எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அவர் சந்தேகமாக என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கூடையோடு வந்தார் சகாயமேரி அக்கா. "ஏம்மா, இது யார் இடம்?" என்று ஏட்டையா அவரைக் கேட்டார்.

தொலைந்தேன் என்று நினைத்தேன். பழி தீர்க்க இதைவிட நல்ல நேரம் யாருக்கு வாய்க்கும்?

அக்கா கூடையை இறக்கி வைத்தார். "இவுக இடம்தான் சார். என் வண்டியவே இங்கன போடக் கூடாதுன்னுட்டாக. ரோட்டுல போட்டுத்தான் அது நொறுங்கிப் போச்சு. சொந்த இடமா இல்லாட்டி, ஒரு மனுசர் அப்பிடிச் சொல்லுவாகளா?"

ஏட்டையா தலையாட்டினார். வேன்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அக்காவுக்குச் செய்த அநியாயமே எனக்குப் பட்டாவாகிவிட்டது! வேன் போனதும் சங்கிலியை மறுபடி மாட்டினேன்.

அன்று பிடித்தது இன்னொரு சந்தேகம். அக்கா நிஜமாகவே நம்பித்தான் சொன்னாரா? அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவருக்குப் புறம்போக்கு எது என்று தெரியாதா? எல்லாம் தெரிந்தே, போலீஸ்காரர் முன்னால் என் மூஞ்சியில் காறித் துப்பினாரா? மீன் வாங்கும்போது ஒரு சங்கரா மீனைக் கூடுதலாகப் போட்டால், இது எதற்கு என்று அவர் முகத்தையே பார்க்கிறேன். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இந்தக் கோடையில் அவர் தம்பி பழைய மொபெட் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதையும் அக்கா எதிர்ப்பக்கத்து வெயிலில்தான் நிறுத்தினார். பெட்டியின்மேல் சாக்கைப் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சாலையைக் கடந்து போனேன்.

"அக்கா, வண்டிய நிழல்ல கொண்டாந்து போடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வேணாம் தம்பி."

"கோவமாக்கா?"

"கோவமென்ன... போலீசுகிட்ட உங்க இடம்னு வாயால சொன்னவ நான். இப்ப நானே போயி வண்டியப் போட்டா, அன்னைக்கிப் பொய் சொன்னேன்னு ஆயிராதா?"

'அது என் இடமில்லை அக்கா.' இந்த ஒரு வார்த்தை போதும், அவர் நிழலுக்கு வந்துவிடுவார். சொல்ல வாயெடுத்தேன்... ஆனால் அவர் என் வாயிலிருந்து அதைப் பிடுங்கத்தான் இப்படிச் சொல்கிறாரோ, நாளைக்கு இதையே போய் ஏட்டையாவிடம் சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது. "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் அந்த வழியாக வரும்போது, இவன்தான் ஒப்புக்கொண்டானே என்று துணிந்து அங்கே வண்டியை நிறுத்தலாம். ஆனால் நிறுத்தினால், நான் ஓடிவந்து விரட்டத்தான் செய்வேன்.