ஏழாவது பக்கத்துக்கும் காசு கட்டினேன்

என் உடம்பைப் பத்தி ஆஸ்பத்திரியில எழுதி வச்சத நான் பாக்கணும்னா, அதுக்கு நான் காசு கட்டணும். இது எந்த ஊரு நியாயம்னு அன்னைக்கே கேட்டிருக்கணும். கேக்கல. வாயத் தொறந்து கேக்குற பழக்கம் எங்களுக்கு எப்ப இருந்துச்சு?

அப்ப நாங்க பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்தோம். எங்களுக்கு ஒரே மக. கண்டியில ஒரு ஆஸ்பத்திரியில வயித்தைக் கிழிச்சுத்தான் அவளை எடுத்தாங்க. அதுக்கப்புறம் ஆறு வருசம் வயித்துல ஒண்ணும் தங்கல. மாமியா வாய் சும்மா இருக்குமா? தனிமரம் தோப்பாகாதுன்னு என் காதுபட லயத்துல வீடு வீடா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. ஹுன்னஸ்கிரியவுல ஒரு வைத்தியர்கிட்ட கசாயம் வாங்கிக் குடிச்சுக் குடிச்சு எனக்கு நாக்கே மரத்துப் போச்சு. எனக்கு இன்னொரு புள்ள வேணும்னு வீட்டுக்காரர் ரெண்டு திருவிழாவுக்குத் தீ மிதிச்சார். அதையும் சொல்லத்தான் வேணும்.

கடைசியில காசு சேத்து, டவுன்ல ஒரு பொம்பள டாக்டரை நம்பர் எடுத்து சேனல் பண்ணிப் பாத்தோம். யாழ்ப்பாணத்து அம்மா. "முதல் பிள்ளைக்கு என்ன ஒப்பரேசன் செய்தவையெண்டு பாக்க வேணும். டிக்கட் வெட்டி வீட்டுக்கு விடேக்க ஒரு காட் தந்திருப்பினம். அது இருக்கோ?"ன்னு கேட்டாங்க.

அது எங்க இருக்கு! பிரசவக் காசு எடுக்கணும்னு தோட்டத்து ஆபீஸ்ல கேட்டாங்க, குடுத்தேன். கிளாக்கர் பைலுக்குள்ள வச்சார், அதோட சரி. நாங்க எல்லாரும் பண்ற பைத்தியக்கார வேலை இது. ஒருத்தர் மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து கைய நீட்டிட்டா, ஒரிஜினலையே தூக்கிக் குடுத்துட்டு வந்துருவோம்.

"அப்ப ஆஸ்பத்திரியில கொப்பி எடுத்துக்கொண்டு வாரும்"னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே. முதல் தடவை போனப்ப, நீங்கதான் அந்த ஆளுன்னு கிராம சேவகர் கடிதம் வேணும்னாங்க. கடிதத்தோட ரெண்டாந் தடவை போனா, பழைய பைல் வேற கட்டடத்துல கெடக்கு, ரெண்டு கிழமை கழிச்சு வாங்கன்னாங்க. அவங்களுக்கென்ன, வான்னா வரணும், போன்னா போகணும். நாங்க ஒரு நாள் சம்பளத்தை ஒரு பேர்னு சொல்லுவோம். கொழுந்து நிறைய கெடக்குற மாசத்துல எனக்கும் அவருக்கும் ரெண்டு ரெண்டு பேர் போச்சு. அதனாலதான் மூணாந் தடவை வீட்டுக்காரரை வேலைக்கு அனுப்பிட்டு நான் தனியாப் போனேன்.

அன்னைக்கு பைல் கெடைச்சிருச்சு. ரெக்கோட் ரூம் மாத்தயா சிங்களத்துல சொன்னார், ஏழு பக்கம் இருக்கு, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியா காசுன்னு. சிங்களம் நான் நல்லாவே பேசுவேன், வாசிக்கத்தான் வராது. "ஏழாவது வெறும் போர்ம்தான், அதுக்கு ஏன் வீணா காசு கட்டுறீங்க"ன்னு கேட்டார். நல்ல மனசோடதான் கேட்டிருப்பார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கொழுந்துக்காரின்னா ஒரு தாளுக்குக் கட்டக்கூட வக்கில்லையா? ஏழையும் குடுங்கன்னேன். வேற கவுண்டர்ல கியூவுல நின்னு காசைக் கட்டி, ரசீதைக் காட்டி, அவர் விரல் வச்ச எடத்துலயெல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அந்த ஏழு தாளையும் மழையில நனையாம பையில சுத்தி, ஏதோ சொத்துப் பத்திரம் மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட போனேன்.

டாக்டரம்மா மூணாவது பக்கத்துல நின்னுட்டாங்க. அப்புறம் வேகமாப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனாங்க. கண்ணாடியக் கழட்டி வச்சுட்டுத்தான் பேசினாங்க.

"தங்கச்சி, அந்த நேரமே உமக்குக் கருத்தடை ஒப்பரேசனும் செய்திருக்கினம். ஒருத்தரும் உமக்குச் சொல்லேல்லையோ?"

எனக்குப் புரியல. மறுபடியும் சொன்னாங்க. ஏழாவது பக்கத்தை என் பக்கமாத் திருப்பி, "இது சம்மதப் பத்திரம். உம்மட மனுசன் கையெழுத்து வச்சிருக்கிறார்"னாங்க. பாத்தேன். தமிழ்ல, குண்டு குண்டா, எங்க வீட்டுக்காரர் கையெழுத்தேதான். திருப்பி சரி பண்ணலாமான்னு கேட்டேன். கஷ்டம்னாங்க, செலவும் எங்களால தாங்க முடியாதுன்னாங்க. அழுதாலும் புள்ளைய அவதான் பெறணும்னு ஒரு பேச்சு இருக்கு. எனக்கு அழுகைய மட்டும் மிச்சம் வச்சிருந்தாங்க.

பஸ்ஸுல வரும்போது எனக்கு ஆஸ்பத்திரி மேல கோவம் வரல. அந்த மனுசன் மேலதான் வந்துச்சு. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் தீ மிதிச்சாரா? என்னைக் கசாயம் குடிக்க விட்டுட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாரா? வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் தாளை மூஞ்சியில விட்டெறிஞ்சேன்.

பொறுக்கி எடுத்துப் பாத்தார். நான் விசயத்தைச் சொல்லச் சொல்ல அப்படியே தரையில உக்காந்துட்டார். தாயும் புள்ளையும் பொழைக்கணும்னா சீக்கிரம் கையெழுத்துப் போடுன்னு அன்னைக்கு நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்களாம். தாள் பூரா சிங்களமாம். போட்டாராம். இன்னதுன்னு யாரும் சொல்லலையாம்.

"என்ன எழுதியிருக்குன்னு தெரியாம கையெழுத்துப் போடுவீங்களா? அறிவிருக்கா? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என் தொண்டை கிழிஞ்சுச்சு. மக பயந்து போயி கதவோரம் நின்னா.

அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மெதுவாத்தான் கேட்டார்.

"இத வாங்குறதுக்கு நீ இன்னைக்கு எத்தனை எடத்துல போட்ட?"

மூணு எடத்துல போட்டிருந்தேன். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.