கோபித்துக்கொள்ளாத வாத்தியார்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு பேக்கரியின் மேல்மாடியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுத்தருகிறேன். கீழே பன் வேகிறது. மேலே நான் வேகிறேன். ஒரு செல்போன்மேல் பொறாமை.

போன், களமருதூரிலிருந்து வரும் என் மாணவியுடையது. அவருக்கும் என் வயதுதான். மகள் கல்லூரிக்குப் போனபின் தானும் ஏதாவது படிக்கலாமென்று வந்து சேர்ந்தவர். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் என்னிடமே கேட்டார். "சார், இது இன்னாத்துக்கு செவப்பா காட்டுது?" என்று கூப்பிடும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும். பிறகு போனில் ஏஐ வந்தது. அதனோடு குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார். அதற்கும் மரியாதை வேறு: "இன்னொருவாட்டி சொல்லுங்க." எத்தனை முறை கேட்டாலும் அது பானைத் தண்ணீர் மாதிரி அதே குளிர்ச்சியோடு சொன்னது. நானோ இரண்டாம் முறையே "இப்பத்தானே சொன்னேன்" என்றுவிடுகிற ஆள்.

அவர் எழுத ஆசைப்பட்டது ஒரே புரோகிராம். அவர் வீட்டுக்கும் கொழுந்தனார் வீட்டுக்கும் பொதுக் கிணறு. மோட்டார் போட நாளுக்கொரு வீடாக முறை. இன்று யார் முறை என்று அது சொல்ல வேண்டும். ஏஐ நொடியில் எழுதிக் கொடுத்துவிட்டது. அடுத்த வாரம் தொங்கிய முகத்தோடு வந்தார்.

"தப்பா காட்டுது சார். வூட்ல சண்டையே வந்துடுச்சு."

எனக்குள் ஒரு பட்டாசு. "கரண்ட் வராத நாள்ல முறை கழிஞ்சிடுமா?"

"அது எப்டி கழியும்? மறுநாளும் அதே வூட்டுக்குத்தான்."

"அத உங்க வாத்தியாருக்குச் சொன்னீங்களா?" போனைக் காட்டினேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு அதனிடம் சொன்னார். அது மன்னிப்புக் கேட்டு, அடுத்த மூச்சில் திருத்திக் கொடுத்தது. பட்டாசு நமுத்துப்போனது. மன்னிப்புக்கூட அதற்கு எவ்வளவு லேசாக வருகிறது!

ஆனால் அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "இதுவும் சரின்னு எப்டி நம்பறது? கொழுந்தனார் கேட்டா நான் இன்னா சொல்றது? நானே எழுதறேன், நீங்க பாத்துக்கினு இருங்க."

எழுதினார். கரண்ட் வந்ததா என்று கேட்கும் வரியில் நின்றார். விளக்கினேன். மறுபடி நின்றார். மறுபடி விளக்கினேன். திரும்பவும் நின்றார். தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு, "நல்ல கேள்விங்க. பொறுமையா பாக்கலாங்க" என்றேன், பாகாய்.

விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா சார், போன் மாதிரியே பேசறீங்க!"

வயிறு எரிந்தது. ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"இப்பத்தானேம்மா சொன்னேன்!"

"ஆங்" என்றார். "இப்ப சொல்லுங்க."