சுவரில் டிவி மாட்டுகிறவர்

ஜோசஃபினம்மா வீட்டுப் பெட்டி டிவியை மைக்கேல்ராஜ் இறக்கி வைத்த அன்று, அதன் தலையில் பதினெட்டு வருஷமாக நின்றிருந்த மாதா சுரூபம் தரைக்கு வந்துவிட்டது. புது டிவி தட்டை. அதன் மேல் தீப்பெட்டிகூட நிற்காது. அம்மா டீ போட்டுக்கொண்டு திரும்புவதற்குள், டிவிக்கு மேலே சுவரில் ஒரு சின்னப் பலகை, பலகையில் மாதா. பையிலேயே நாலைந்து பலகை வைத்திருப்பாராம்.

"டிவி எளச்சுப் போச்சுக்கா. சாமி எளைக்குமா? எந்த வீட்டுக்குப் போனாலும் யாராச்சும் ஒருத்தர் கீழ நிக்கிறாங்க. ஒரு வீட்ல புள்ளையாரு, ஒரு வீட்ல புத்தரு."

பெங்களூர் ஜீவனஹள்ளியில் அவர் துளை போடாத சுவர் குறைவு. காதில் பென்சில், தோளில் டிரில்லிங் மெஷின். டேப்பை எடுக்கும் முன், வீட்டுக்காரர்கள் எங்கே உட்கார்ந்து பார்ப்பார்களோ அங்கே தானே போய் உட்காருவார். கட்டிலோ பாயோ கவிழ்த்த வாளியோ. கடைசித் திருகு இறங்கியதும் சுவரில் ஒரு தட்டு. "ஆய்த்து!" வேலை முடிந்தது என்று சொல்லும் அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்போதும் கன்னடம்தான்.

ஜனங்களின் அவசரம் அவருக்குச் சிரிப்பு. "முன்னல்லாம் ஒரு டிவி வாங்கினா, புள்ளைக்குக் கல்யாணம் ஆகுறவரைக்கும் ஓடும். இப்ப ஆணி துருப்பிடிக்கறதுக்குள்ள எச்.டி பத்தல, ஃபோர்கே மாட்டுங்கறான். மூணே நாள்ல கண்ணு பழகிடும்க்கா. அப்புறம் பழசைப் பாத்தா, இதையா பாத்தோம்னு கேப்பாங்க."

அந்த மூன்று நாள்தான் ஜோசஃபினம்மாவுக்குப் பயம். நாலு வருஷத்துக்குள், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மகன் டேரில், ஐம்பத்தைந்து அங்குல ஃபோர்கே வாங்கி வந்தான். மைக்கேல்ராஜ் பலகையை ஒரு சாண் மேலே ஏற்றிவிட்டு டிவியை மாட்டினார்.

"அப்பாவைப் போடுறா" என்றார் அம்மா. சின்ன வயதில் டேரில் சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை வீடியோ அது. செத்துப்போன கணவர் அசைந்து சிரிப்பது அந்த ஒன்றில்தான். போன டிவியில் மீசை நுனிவரை தெரிந்தவர், இப்போது சுவர் நிறைய வந்தார். முகம் மட்டும் தண்ணீரில் கரைந்த மாதிரி இருந்தது.

"அப்ப எடுத்த வீடியோ அவ்ளோதான்மா. டிவி மேல தப்பில்ல."

"எனக்கு வேணாம், கழட்டச் சொல்லு. உங்கப்பா மூஞ்சி இதான்னு என் கண்ணு பழகிட்டா நான் என்னடா பண்ணுவேன்?"

"பழசை எக்ஸ்சேஞ்சுல தூக்கிட்டுப் போயிட்டாங்கம்மா."

மைக்கேல்ராஜ் அம்மாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஓரடி பின்னால் நகர்த்திப் பார்த்தார். இன்னும் ஓரடி. பன்னிரண்டடி ஹால் முடிந்து, நாற்காலி சமையலறை வாசற்படியில் முட்டியது. எழுந்துகொண்டார்.

"இங்க உக்காருங்கக்கா."

அம்மா உட்கார்ந்தார். அங்கிருந்து பார்க்கக் கணவர் பழைய அளவுக்குச் சுருங்கினார். மீசை வந்தது. முன்பல் சந்து வந்தது. வெள்ளைச் சட்டை டேரிலைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஆய்த்து" என்றார் மைக்கேல்ராஜ், இந்த முறை மெதுவாக. சுவரைத் தட்டவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பினார். "மத்ததெல்லாம் முன்னாடி உக்காந்து பாருங்க. அண்ணனை மட்டும் அங்கருந்து. இவன் அடுத்து இன்னும் பெருசா வாங்கிட்டு வந்தா, எனக்கு ஒரு போன் போடுங்கக்கா. நாற்காலியைத் தெருவுல போட்டுத் தர்றேன்."