முளைத்த விறகு

விற்பதற்காக நான் வெட்டி வைத்த விறகு முளைத்துவிட்டது. இதைச் சொல்லாமல் விடத்தான் நினைத்தேன். ஆனால் ஊர் முழுக்கச் சிரித்து முடித்த ஒன்றை எழுத்தில் மட்டும் ஒளிப்பது சோற்றுக்குள் பூசணிக்காயைப் புதைக்கிற வேலை. ஆகவே ஒப்புக்கொள்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு பட்டமும் இரண்டு அலுமாரி புத்தகங்களும் கைவசம் இருக்க, எந்தத் தடி எரியும் எந்தத் தடி வேர்விடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சமையல் காஸுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம்தான் இந்த யோசனை பிறந்தது. வெறும் சிலிண்டரை வீதியோரம் வைத்து அதன் மேல் உட்கார்ந்து இரண்டு நாவல்களை முடித்தேன். மூன்றாவதாகக் கையில் அகப்பட்டது மரவளர்ப்புப் பற்றிய தடித்த வெளிநாட்டுப் புத்தகம். சில மரங்களை முழங்கால் உயரத்தில் வெட்டினால் திரும்பத் தழைக்கும். காட்டை நாலு பங்காக்கி வருடத்துக்கு ஒரு பங்கு வெட்டினால், நாலாவது முடியும்போது முதலாவது மறுபடி ஆயத்தமாகிவிடும். காடும் அழியாது, அடுப்பும் அணையாது. அளவெட்டியில் எனக்கு எட்டுப் பரப்புக் காணி சும்மா கிடந்தது. சீமைக்கிளுவையும் இப்பிலிப்பிலும் நட்டேன். ஓரத்தில் முன்பே நின்ற வேம்புகளைத் தொடவில்லை. அதைக் காடு என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“காடு எண்டுறியள்,” என்றாள் மனைவி. “ஆடு இந்தப் பக்கத்தாலை உள்ளிட்டு மூச்சு விட முதல் அந்தப் பக்கத்தாலை வெளிக்கிடுது.”

மூன்று வருடத்தில் முதற் பங்கு வெட்டுப் பதத்துக்கு வந்தது. விறகுக்கு முதல் ஓடரும் வந்தது. தந்தவர் பக்கத்து வளவு அண்ணை. காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இரு காணிகளுக்கும் நடுவில் அவருடைய பழைய வேலி. அதில் ஆள் நுழைய விட்ட சந்தைப் பொட்டு என்போம்; அதன் வழியாகப் பத்திரிகை எனக்கு வரும், என் முருங்கைக்காய் அவருக்குப் போகும். கந்தசஷ்டி விரதத்தின் ஏழாம் நாள் காலையில் கோயிலில் நடக்கும் பாறணைச் சமையல் அவர் குடும்பத்து உபயம். ஆறு நாள் பட்டினி கிடந்த சனம் அந்தச் சோற்றை எதிர்பார்த்து வரிசையில் இருக்கும். மிளகையும் தண்ணீரையும் மட்டும் வைத்து ஆறு நாளைக் கடத்துகிற அண்ணையும் அதில் ஒருவர்.

“காஸிலை அவிச்சதும் ஒரு சோறே, தம்பி? இந்த முறை விறகு உம்மடை,” என்றார். “அப்பு காலத்திலையிருந்து ஒரு வருசம் பிந்தாமல் போட்ட பாறணை. என்னை வெக்கப்படுத்திப் போடாதையும்.”

முதற் பங்கு முழுக்கச் சீமைக்கிளுவை. புரட்டாசியில் வெட்டினேன். கைத்தடிப்பில், ஆளுயரத்தில், நேரான தடிகள். கிடத்தி அடுக்கினால் கறையான் ஏறும் என்று பயம். நிமிர்த்தி வைத்த விறகு விரைவில் காயும் என்று புத்தகத்தில் இருந்தது. கல் பாவிய தரையில், கூரைக்குக் கீழே என்றும் அதே பக்கத்தில் இருந்திருக்கிறது. அந்த வரி பிறகுதான் கண்ணில் பட்டது. காற்று நன்றாக வருவது அண்ணையின் வேலிப் பக்கம். ஆகவே வேலியோரமாக நீளத்துக்கு, காற்றுக்குச் சரியாதபடி அலவாங்கால் துளை போட்டு, செம்மண்ணில் அரை முழம் இறக்கி, ஒவ்வொன்றின் அடியையும் காலால் மிதித்து இறுக்கினேன். இறுக்கி முடிந்ததும் எட்ட நின்று பார்த்தேன். படை அணிவகுத்து நிற்பது போல இருந்தது. படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். அவன் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினான்.

மழை இறங்கியது. இரண்டு கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனபோது அண்ணை வேலியடியில் குடையோடு நின்றார். என் விறகு முழுவதும் இளம்பச்சையில் துளிர்த்திருந்தது.

வேலிக்கென்று நட்டு உயிர் பிடிக்க விடுகிற தடியைக் கதியால் என்போம். சீமைக்கிளுவை கதியால் ஈர மண்ணைக் கண்டால் வேர்விடும் என்பது யாழ்ப்பாணத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வெட்ட வெட்டத் தழைக்கிறது என்பதற்காகத்தானே அந்த மரத்தையே தெரிந்தெடுத்தேன். வெட்டிய துண்டும் அதே குணத்தோடுதான் இருக்கும் என்பது மட்டும், புத்தகத்தில் இல்லாததால், எனக்குத் தோன்றவில்லை.

“தம்பி, நீர் உதை அடுக்கினனீரோ, நட்டனீரோ?”

“விறகு, அண்ணை. உங்கடை பாறணைக்கு.”

“ஓம், ஓம். அலவாங்காலை கிடங்கு கிண்டி, மிதிச்சு இறுக்கி வைக்கிற விறகு. கந்தோரிலை இருந்த காலம் முழுக்க வேலிச் சண்டைதான் பாத்தனான். மழைக்கு முதல் நாள் நட்ட புதுக் கதியால், பழைய வேலி உக்கி விழ, எப்பிடி ஒரு அடி இஞ்சாலை நடந்து வரும் எண்டு எனக்குப் படிப்பிக்காதையும்.”

எங்கள் ஊரில் ஒருவரின் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடினாலும் ஒரு நாள் மன்னிப்பார்கள். எல்லையில் ஒரு அடி நகர்த்தியவனை அவன் செத்தவீட்டிலும் மறக்க மாட்டார்கள். மறுநாள் அண்ணை ஊரின் கிராம அலுவலரான விதானையாரைக் கூட்டி வந்தார். விதானையார் செருப்பைக் கழற்றி, அடிமேல் அடிவைத்து அளந்து பார்த்துவிட்டு, ஒரு துளிரைக் கிள்ளி முகர்ந்தார்.

“இலை இல்லாட்டில் விறகு எண்டு எழுதிப்போட்டுப் போவன்,” என்றார். “இலை வந்திட்டுது. இனி உது வேலி. சேவையர் வந்து காணி அளக்கு மட்டும் ஒருத்தரும் கை வையாதையுங்கோ.”

இருவரும் கையெழுத்துப் போட்டோம். பொட்டில் ஒரு தகரம் வந்து நின்றது. பத்திரிகை நின்றது. என் முதல் ஓடர் முழுவதும் வழக்குப் பொருளாக மழையில் நனைந்து, நாளுக்கு நாள் வாட்டசாட்டமாகிக்கொண்டிருந்தது. கந்தசஷ்டியும் தொடங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் கோயில் சமையற்காரர் விறகு பார்க்க வந்தார். தகரத்தை விலக்கிக்கொண்டு அண்ணையும் கூட வந்தார், விரதத்தில் கன்னம் ஒட்டி, என்னைப் பார்க்காமல். சமையற்காரர் ஒரு தடியை நகத்தால் சுரண்டினார். பச்சை. வளைத்தார். வளைந்தது.

“இதை அடுப்புக்கை வைச்சால் எரியாது, அண்ணை,” என்றார் அவரிடம். “பூக்கும்.”

“வேறை எங்கையும் எடுக்கேலாதோ?”

“இந்த மழையிலை ஆரட்டைக் காய்ஞ்சு கிடக்கு? காஸ் பூட்டுவமோ?”

 காஸ் பாறணை என்ற சொல்லை ஊர் எத்தனை வருடம் சொல்லும் என்று அண்ணை எண்ணுகிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.  

சமையற்காரர் மட்டும் என் தடிகளைத் தாண்டி, பழைய வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதோ பட்டுப்போன பூவரசங் கதியால்கள், இடைக்கிடை பனஞ்சிலாகை, எல்லாம் வருடக்கணக்காக நிமிர்ந்து நின்று காய்ந்தவை. ஒன்றை உலுக்கி முறித்தார். சடக்கென்று முறிந்தது. மேலே நனைந்திருந்தாலும் உள்ளே எலும்பு போல உலர்ந்திருந்தது. நிமிர்த்தி வைத்த விறகு நன்றாகக் காயும் என்று புத்தகம் சொன்னது உண்மைதான்.

“அண்ணை, உங்கடை வேலி நல்ல விறகு.”

“அது என்ரை எல்லையடா.”

“நாளையிண்டைக்கு விடிய இருநூறு இலை விழுகுது. எல்லையைப் பிறகு பாப்பம்.”

ஆறு நாள் பட்டினியில் ஒரு மனிதன் எடுக்கும் முடிவுக்கு வேறொரு கனம் இருக்கிறது. ஆறாம் நாள் மத்தியானம், மழை விட்ட நேரம், அண்ணையே முதல் கதியாலைப் பிடுங்கினார். நான் அடுத்ததைப் பிடுங்கினேன்.  லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் ஏற்றும்போது, “உமக்கு இப்ப சந்தோசம்தானே,” என்றார். “என்ரை வேலி போச்சு, உம்மடை வேலி தழைக்குது.” அப்படித்தான் இருந்தது. நானே திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக ஒருவரின் எல்லையை அழித்திருக்க முடியாது.

மாலையில் சூரன்போர். சூரன் மாமரமாக மாறி மாங்கொப்போடு ஆடி வந்தபோது சனம் அரோகரா என்றது. நான் கொப்பைத்தான் பார்த்தேன். அதுவும் பச்சை.

மறுநாள் விடிய வேலி எரிந்தது. புகையில்லாமல், நீலநாக்கோடு, நின்று எரிந்தது. பூசைக்கு முன் சோறு வடித்தாயிற்று. நாதஸ்வரம் ஓயவும் பந்தி விரிக்கவும் சரியாக இருந்தது. நான் சாம்பாறு வாளியோடு அண்ணையின் இலைக்கு வந்தேன். அவர் முதற் பிடி சோற்றை வாயில் வைத்து, கண்ணை மூடி, மெதுவாக மென்றார். பக்கத்து இலைக்காரர் கேட்டார்: “நல்ல பதமான சோறு. விறகு ஆற்றை?”

“என்ரை,” என்றார் அண்ணை, என்னைப் பார்த்தபடியே. பிறகு இலையைச் சற்று முன்னே நகர்த்தினார். “ஊத்தும், தம்பி. தண்ணியாய்க் கிடக்கு, அடியிலை கிண்டி ஊத்தும்.”

தை பிறந்து சேவையர் வந்தார். உறுதிகளை விரித்து, கல்லைத் தேடி, நாள் முழுவதும் அளந்தார். என் விறகு வரிசை அண்ணையின் காணிக்குள் ஒரு அங்குலமும் போகவில்லை. பழைய வேலிதான் எந்தக் காலத்திலோ என் பக்கம் ஒன்றரை அடி தள்ளி நின்றிருக்கிறது. அதற்கும் ஒரு அடி இப்பால், என் காணிக்குள்ளேயே, நான் விறகு நட்டிருந்தேன். அந்த விறகு இப்போது தோள் உயரத்துக்குத் தழைத்து, அடர்ந்து, பிடுங்க மனம் வராத உயிர் வேலியாகிவிட்டது. அண்ணை விரலை மடக்கி, தன் பக்கம் சேரும் இரண்டரை அடியைக் கணக்குப் பார்த்தார். பிறகு, நிற்கிறது நிற்கட்டும், பச்சை மரத்தை வெட்டுவது பாவம் என்றார். பொட்டுக்கு மட்டும் ஓர் இடம் விட்டுத் தரச் சொன்னார்.

அன்று மாலை காணியில் நின்றபடியே வீட்டிலிருந்த மனைவிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் விளக்கினேன். நான் திருடன் இல்லை என்பது உத்தியோகபூர்வமாக நிரூபணமாகிவிட்டது. என் தடிகளில் ஒன்று கூட வீணாகவில்லை. உலகத்திலேயே தானாகப் பெருகுகிற விறகுக் களஞ்சியம் என்னுடையதுதான். அடுத்த வருடம் இரண்டாம் பங்கை வெட்டுவேன், அதைக் கொட்டிலுக்குள் வைப்பேன். அவள் இடையில் வெட்டாமல், ம், ம் என்று கேட்டாள். நான் முடித்ததும் சொன்னாள்:

“சரி. காஸ் முடிஞ்சுது. வரேக்கை சந்தையிலை ஒரு கட்டு விறகு வாங்கிக்கொண்டு வாங்கோ.”