கிணற்றில் போட்ட கப்பல் புகையிலை

சென்ற வாரம் என் மகன் கைப்பேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். அதில் தாடி வைத்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், மேசைமேல் ஐந்து தகர டப்பாக்களை அடுக்கிவைத்துக்கொண்டு, உலகத்திலேயே தனக்குப் பிடித்த நேவி ஃப்ளேக் புகையிலைகள் இவைதான் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

“ம்மா, நீ கெணத்துல தூக்கிப் போட்டியே, அது இதானே?” என்றான் மகன்.

எனக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது. அது நடந்தபோது ஒன்பது. நான் போடவில்லை என்பதை என் வயிற்றில் பிறந்த பிள்ளையே நம்பவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன். திண்டிவனத்தில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் எதற்குப் போனாலும் எனக்கு அந்தப் பெயர்தான். “கப்பல் பொவையிலைய கெணத்துல போட்டுச்சே, அந்தப் பொண்ணு” என்று சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துவார்கள். நான் படித்த படிப்பு, பார்க்கும் வேலை எதுவும் அவர்கள் கணக்கில் இல்லை.

மாமா, அம்மாவின் அண்ணன். விழுப்புரத்தில் வீடு. பதினெட்டு வருஷம் சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வெந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். வரும்போது ஒரு பைப்பையும் அதில் புகையிலையைத் திணித்துப் புகை பிடிக்கும் பழக்கத்தையும் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் பீடி உண்டு, சுருட்டு உண்டு, வெற்றிலையோடு புகையிலை மெல்லுகிறவர்கள் வீட்டுக்கு இரண்டு பேர் உண்டு. பைப் பிடித்தவர் அவர் ஒருவர்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் பின்வாசலில் கல்மேல் உட்கார்ந்து தட்டையான ஒரு டப்பாவைத் திறப்பார். உள்ளே காகிதத்துக்கு அடியில் கருப்பும் பழுப்புமாகப் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கும். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, “இன்னாங்க அது, கருவாடா?” என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமா சிரித்துக்கொண்டே இருப்பார்.

அதன் கதை எனக்குத்தான் தெரியும், எனக்குத்தான் சொல்லியிருந்தார். பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிகள் புகையிலை இலையில் ரம் தெளித்துச் சுருட்டி, மேலே கயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிப் போட்டுவிடுவார்களாம். மாதக்கணக்கில் கிடந்து அது கட்டை மாதிரி இறுகிவிடும். வேண்டும்போது கத்தியால் ஒரு சீவு சீவிக்கொள்வார்கள். கடல்காற்றில் தூள் புகையிலை பறந்துவிடும், இது பறக்காது. சீக்கிரம் எரிந்தும் போகாது.

“மூணு விஷயம் இருந்தாத்தான் பாப்பா அது நேவி ஃப்ளேக்கு. அமுத்தியிருக்கணும், சீவியிருக்கணும், ரம்மு பட்டிருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் அது வெறும் பொவையிலதான்.”

அவருக்குப் பிடித்தவை மூன்று. ஒன்றில் வைக்கோல் வாசனை வரும். இன்னொன்று பேரீச்சம்பழம். மூன்றாவதுதான் அவருக்கு உயிர். புளிப்பானைக்குள் வெல்லத்தைப் போட்டு மூடிவைத்த மாதிரி இருக்கும் அதன் வாசனை, கடைசியில் லேசாக ரம் எட்டிப் பார்க்கும். பட்டையை நீளவாக்கில் மடித்துக் குறுக்கே மடித்து அப்படியே பைப்புக்குள் திணிப்பார். அவசரமாக இருந்தால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உதிர்த்துக்கொள்வார். டப்பாவைத் திறந்து முதலில் மோந்து பார்க்கும் உரிமை என்னுடையது. என் தம்பிக்குக்கூட அது கிடையாது. அந்த உரிமைதான் எனக்கு வினையாகப் போனது.

தம்பிக்கு மூன்று வயதில் காதுகுத்து வைத்தார்கள். காலையில் மயிலம் கோயிலில் மொட்டை போட்டுவிட்டு வந்து, பதினோரு மணிக்குள் வீட்டில் மாமா மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். மாமாவும் அத்தையும் இரண்டு நாள் முன்பே வந்துவிட்டார்கள். கப்பலில் இன்னும் இருந்த பழைய கூட்டாளி ஒருவர் கொடுத்தனுப்பிய டப்பா மாமாவின் பெட்டியில் இருந்தது. அந்த மூன்றாவது வகை. அதுதான் கடைசி. கூட்டாளியும் வேலையை விட்டுவிட்டதால் இனிமேல் வர வழியில்லை.

மயிலத்திலிருந்து திரும்பி வந்து மாமா பெட்டியைத் திறந்தார். டப்பாவைக் காணோம்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பந்தலில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, பத்தர் தங்கக் கம்பியைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்க, மாமா பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். “வீட்டு மனுசங்களே என் பொட்டியில கை வெக்கிறாங்கன்னா எனக்கு இங்க இன்னா வேல. நான் விழுப்புரம் போறேன்” என்றார்.

தாய்மாமன் கோபித்துக்கொண்டு போய்விட்டால் காதுகுத்து ஏது. அப்பா ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்தார். “மச்சான், நேரம் போவுது, ஒக்காருங்க” என்று கெஞ்சினார். மாமா அசையவில்லை. அப்போதுதான் என் பெரியம்மா, அப்பாவின் அண்ணி, பந்தலின் நடுவிலிருந்து திருவாய் மலர்ந்தருளினார்.

“இவளக் கேளுங்க. எந்நேரமும் அந்த டப்பாவத்தான மோந்துக்கினு கெடப்பா.”

நாற்பது தலையும் என் பக்கம் திரும்பின. ஒருவராவது, “கொழந்தையக் கேட்டுப் பாக்கலாம்” என்று சொல்லவில்லை. அப்பா என் காதைப் பிடித்துத் திருகினார். காது குத்திக்கொள்ள வேண்டியவன் தம்பி, காது சிவந்தது எனக்கு. நான் எடுக்கலை, எடுக்கலை என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அம்மா என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். காப்பாற்றத்தான் போகிறாள் என்று நம்பினேன். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அத்தை அங்கே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

“எடுத்தேன்னு சொல்லிடு பாப்பா. மாமா ஒன்ன ஒண்ணும் சொல்லமாட்டாரு. தம்பிக்கு நேரம் போய்க்கினு இருக்குது.”

“நான் எடுக்கலம்மா.”

“தெரியும். சொல்லிடு.”

தெரியும் என்றாள். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. தெரிந்தும் என்னைத் திருடியாக்கி வாசலுக்கு அனுப்பினாள். நான் போய் மாமா முன்னால் நின்று, “நான்தான் எடுத்தேன், கெணத்துல போட்டுட்டேன்” என்றேன். வேறு எந்த இடத்தைச் சொன்னாலும் தேடிப் பார்ப்பார்கள், கிணற்றில் யார் இறங்கப் போகிறார்கள் என்பது என் ஒன்பது வயதுக் கணக்கு.

“கெணத்துலயா?” என்றார் மாமா.

“ஆமா.”

“நம்ப வூட்டுக் கெணத்துலயா?”

தலையை ஆட்டினேன். மாமா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து மணையில் உட்கார்ந்து, “புள்ளைய குடுங்க” என்று கையை நீட்டினார். காது குத்தியபோது தம்பி அழுததைவிட நான் அதிகம் அழுதேன். வெட்கம் தாங்காமல் அழுகிறேன் என்று பெரியம்மா விளக்கம் சொன்னார். அத்தோடு ஒரு லட்டும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், பசித்தது.

மறுநாள் காலையில் முருங்கை மரத்தடிக்குப் போனேன். அந்த மாதம் மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பியிருந்தது. இப்போது எல்லாம் கொத்தாகக் கீழே விழுந்து செத்துக் கிடந்தன. மரத்துப் பட்டையில் பழுப்பாகத் தண்ணீர் வழிந்த தடம். குனிந்தேன். புளிப்பானை, வெல்லம், ரம்.

எங்கள் பக்கத்தில் முருங்கைப் பூச்சிக்குப் புகையிலையை ஊறவைத்துக் காய்ச்சி ஊற்றுவது வழக்கம். கடையில் வாங்கும் மட்டப் புகையிலைதான் அதற்கு. அம்மா ஏழு கடல் தாண்டி வந்த நேவி ஃப்ளேக்கைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறாள். எடுத்ததுதான் எடுத்தாள், குப்பையில் போட மனம் வரவில்லை, ஒரு பொருளை வீணாக்கி அம்மாவுக்குப் பழக்கம் இல்லை. வேரோரம் ஊறிப்போன ஒரு பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. சாட்சி கிடைத்த சந்தோஷத்தில் மாமாவைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன்.

மாமா அதை எடுத்து மோந்து பார்த்தார். சமையலறை ஜன்னலில் அம்மாவும் அத்தையும் நின்றுகொண்டிருந்தார்கள். மாமா நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார். பட்டையைக் கீழே போட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடினார்.

“பாப்பா, கெணத்துலதான போட்டேன்னு சொன்ன? கெணத்துலயே இருக்கட்டும்.”

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவரே சாட்சியைப் புதைத்துவிட்டார். அடுத்த வருஷம் விழுப்புரத்துக்குப் போனபோது அதே டப்பாவில் அத்தை ஊக்கு போட்டு வைத்திருந்தாள். அதையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். மாமா அதன்பிறகு புகையிலை வாங்கவில்லை. வெறும் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படியே பதினான்கு வருஷம் இருந்தார்.

காதுகுத்துக்கு முந்தின மாதம் மாமாவின் வாய்க்குள் வெள்ளையாக ஒரு திட்டு இருந்ததையும், புகையிலையை விடாவிட்டால் ஆபத்து என்று புதுச்சேரியில் டாக்டர் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்ததையும் அம்மா எனக்குச் சொன்னது மாமா போனபிறகுதான். டாக்டர் மாமாவிடமும் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கும் அத்தைக்கும் தெரியக் கூடாது என்று மாமா மறைத்தார், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று இவர்கள் மறைத்தார்கள். நடுவில் ஒரு திருடன் தேவைப்பட்டான், நான் கிடைத்தேன்.

போன பொங்கலுக்கு அம்மா வீட்டுக் கிணற்றைத் தூர்க்க ஆள் வந்தது. மோட்டார் குழாய்க்கு மட்டும் வழிவிட்டுக் கிணற்றின் வாய் முழுக்கப் போட்டிருந்த கம்பி வலையை முதலில் அறுத்து எடுத்துச் சுவரில் சாய்த்தார்கள். வலையின் ஒரு கண்ணில் என் கையை விட்டுப் பார்த்தேன். முஷ்டிகூட நுழையவில்லை. அந்தத் தட்டை டப்பா எந்தக் காலத்திலும் அதற்குள் போயிருக்காது. தினமும் பார்த்த வலைதான், பொய் சொன்ன அன்றைக்கு அது என் நினைவுக்கு வரவில்லை, அதன்பிறகும் யாரும் யோசிக்கவில்லை. நான் தவழும் வயதில் கிணற்றோரம் போய்விட்டேன் என்று பயந்து, விழுப்புரம் பட்டறையில் அளவு சொல்லி அந்த வலையை அடித்து வாங்கி வந்து பூட்டியவர் மாமா.

நான் கிணறு என்று சொன்ன அந்த நொடியிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் சொல்வது பொய், சொல்லவைத்தது யார், எதற்காக, எல்லாம். அதனால்தான் பெட்டியைக் கீழே வைத்தார். அவர் என்னை மன்னித்துத்தான் மணையில் உட்கார்ந்தார் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவை மன்னித்தார், அத்தையை மன்னித்தார். நான் போடவில்லை என்பதை மட்டும் சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை.