ஒன்பது வருடச் சேவைக்கு ஒரு வாடகை அங்கி

2014 செப்ரெம்பரில், இருபது வயதில், இம்மாகுலேற் நீக்கிலாஸ் பிரெஞ்சுத் தரைப்படையில் சேர்ந்தார். 2023 கோடையில் வெளியே வந்தார். ஒன்பது வருடச் சேவைக்குப் பிறகு அவர் கையில் இருந்த பெரிய சொத்து ஓர் உரிமை: சிவில் வாழ்க்கைக்குத் திரும்புவதற்காக ஒரு படிப்பை இராணுவத்தின் செலவில் முடிக்கலாம். கட்டணத்தை அவர்கள் கட்டுவார்கள், படிக்கும் காலத்துக்குச் சம்பளமும் வரும். ஆனால் அது ஒரு தடவைக்குத்தான்.

அந்த ஒரு தடவை முடிந்துவிட்டது. ஒரு வருடம் படித்தார், எல்லாப் பரீட்சையும் எழுதினார், எல்லாவற்றிலும் சித்தியடைந்தார். இன்று அவரிடம் பட்டம் இல்லை.

இம்மாகுலேற் பிறந்து வளர்ந்தது பரிஸ் புறநகரான லெ பிளாங்-மெனிலில். பெற்றோர் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். அப்பா நீக்கிலாஸ் பரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மீன்கடையில் மீன் வெட்டுகிறார். அம்மா றெஜினா இரண்டு கடை தள்ளிச் சேலைக்கடையில் நிற்கிறார். மகள் இராணுவத்தில் சேரப்போகிறேன் என்றபோது இருவரும் ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. காரணம் பிரான்சோடு சம்பந்தப்பட்டதல்ல. அவர்கள் வாயில் 'ஆமி' என்ற சொல்லுக்கு ஓர் அர்த்தம்தான்: கதவைத் தட்டி அடையாள அட்டை கேட்பவன், வீட்டுக்குள் வந்து அலுமாரியைக் கிளறுபவன். அந்தச் சொல்லைத் தங்கள் சொந்தப் பிள்ளைக்கு எப்படி வைப்பது?

வைக்கவில்லை. மீன் வாங்க வருகிறவர்கள் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "அரசாங்க உத்தியோகம்" என்பார் நீக்கிலாஸ். அது பொய்யும் இல்லை. மகள் சீருடையில் எடுத்த படத்தை றெஜினா சட்டம் போட்டு வாங்கி, அலுமாரிக்குள் வைத்தார். "வீட்டுக்கு வாற சனம் பயந்திடும்" என்றார்.

இம்மாகுலேற் துப்பாக்கி தூக்கித் திரிந்த நேரம் குறைவு. அவர் வேலை பாரவண்டித் தொடர்கள். மாலியில் இரண்டு முறை இருந்தார். எந்த முகாமுக்கு எப்போது தண்ணீர், எப்போது எண்ணெய், எந்தப் பாதை, எந்தச் சாரதி என்று பார்ப்பது. கப்போரால்-ஷெஃப் தரத்துக்கு உயர்ந்தார். சேவையில் இருந்துகொண்டே தபால்வழியில் இரண்டு வருடத் தொழில்நுட்பப் படிப்பையும் முடித்தார். இன்னும் ஒரு வருடம் படித்தால் பட்டதாரி. பட்டதாரியானால், மருத்துவமனையிலோ நகரசபையிலோ விநியோகப் பிரிவுக்குப் பொறுப்பாகலாம். கணக்கு அவ்வளவு எளிது.

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வடக்குப் புறநகரில் உள்ள அரச பல்கலைக்கழகம். மற்றது ஒரு தனியார் பள்ளி. அதன் பெயரை வழக்கு முடியும்வரை எழுத முடியாது. இராணுவத்தின் படிப்பு ஆலோசகர் இரண்டையும் சரிபார்த்தார். இரண்டும் அன்றைய திகதியில் அரசின் பதிவேட்டில் இருந்தன. எதையும் எடுக்கலாம் என்றார்.

அந்த நேரத்தில்தான் ரோமன் சுப்ராயன் மீன்கடைக்கு வந்தார். புதுச்சேரிக் குடும்பம், எபினேயில் வீடு, முப்பத்தைந்து வயது, நல்ல சட்டை. தனியார் பள்ளிக்கு மாணவர் சேர்ப்பது அவர் தொழில். தமிழ் விழாக்களில் மேசை போட்டு உட்காருவார். யார் வீட்டுப் பிள்ளை படையிலிருந்து வெளியே வருகிறது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"அண்ணே, எங்க தாத்தாவும் பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாதான். பிரெஞ்சுப் பென்சியோன் வாங்கினவரு. மிலித்தேர் குடும்பம்னா என்னன்னு எனக்குத் தெரியும்ணே."

"அது சரி தம்பி, படிப்பு என்னமாதிரி எண்டு சொல்லும்."

"படிப்பெல்லாம் ஒண்ணுதாண்ணே. அங்கயும் ஒரு வருஷம், இங்கயும் ஒரு வருஷம். ஆர்மே காசு கட்டுது, உங்களுக்கு என்ன? ஆனா யுனிவெர்சித்தேல முடிச்சா, வரிசையில நின்னு கிஷே ஜன்னல்ல கைய நீட்டி வாங்கிட்டு வரணும். ஏதோ ரெசிதென்ஸ் கார்டு வாங்குற மாதிரி. எங்ககிட்ட பாருங்க."

தொலைபேசியை நீட்டினார். நீக்கிலாஸ் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கறுப்பு அங்கியும் நாலுமூலைத் தொப்பியும் போட்ட பிள்ளைகள் மேடையில் ஏறுகிறார்கள். கடைசியில் எல்லோரும் தொப்பியை மேலே எறிகிறார்கள்.

"உது லண்டனோ?"

"லண்டன் இல்லண்ணே, பரிஸ்தான்!"

இங்கேதான் நீக்கிலாஸ் விழுந்தார். பரிஸில் இருக்கும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் போனால், வரவேற்பறைச் சுவரில் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் மருமக்களின் அங்கிப் படங்கள் தொங்கும். சொந்தப் பிள்ளை பரிஸில் எவ்வளவு படித்திருந்தாலும் அந்தப் படம் இருக்காது. பிரெஞ்சு அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் அங்கி போடும் வழக்கமே இல்லை. பட்டம் வரும், படம் வராது. இதை நன்றாகத் தெரிந்துகொண்டு வந்தவர் ரோமன். மகளின் ஒரு படத்தைச் சுவரில் மாட்ட முடியாமல் ஒன்பது வருடம் இருந்த மனிதரிடம் அவர் விற்றது அங்கியை.

இம்மாகுலேற்றுக்கு அங்கி ஒரு பொருட்டே இல்லை. "இரண்டும் ஒன்றுதான் என்று ஆலோசகரும் சொல்கிறார். அப்பாவுக்கு இது ஆசை என்றால் இதுவே இருக்கட்டும்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

2024 யூலையில் விழா. வாடகைக்கு எடுத்த சினிமா அரங்கு. அங்கிகளும் வாடகைதான், வாசலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இம்மாகுலேற்றின் அங்கியை மட்டும் இன்னும் இரண்டு மணிநேரம் வெளியே கொண்டுபோக ரோமன் ஒழுங்கு செய்து கொடுத்தார். லா சப்பல் ஸ்ரூடியோவில் படம் எடுத்து, பெரிதாக்கி, சுவரில் மாட்டினார்கள். றெஜினாவின் தமக்கை ரோசாலி வந்து பார்த்துவிட்டு, "அப்ப ஆமியில இருந்தாலும் படிப்பு ஏறுமோ?" என்று கேட்டார். கேலிதான், ஆனால் அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

செப்ரெம்பரில் ஓர் அரச மருத்துவமனை அவரை நேர்முகத்துக்கு அழைத்தது. விநியோகப் பிரிவின் துணைப் பொறுப்பாளர் வேலை. மாலியில் மணற்புயல் நேரம் தண்ணீர் எப்படிப் போனது என்று கேட்டார்கள். சொன்னார். நீங்கள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார்கள். பட்டத்தின் பிரதியை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். ஒரு கிழமையில் தொலைபேசி வந்தது.

"மன்னிக்க வேண்டும். நீங்கள் அனுப்பியது அரசு ஏற்கும் பட்டம் அல்ல."

வேலை வேறொருவருக்குப் போனது.

நடந்தது இதுதான். அரசு ஏற்ற அந்தப் பட்டம் பள்ளியின் சொந்தப் பட்டம் அல்ல. வேறொரு நிறுவனத்தின் பட்டத்தை, அதன் அனுமதியோடு, இந்தப் பள்ளி கொடுத்து வந்தது. விழாவுக்கு ஐந்து மாதம் முன்பே, பெப்ரவரியில், அந்த நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அன்றோடு பள்ளிக்கு அந்தப் பட்டத்தைக் கொடுக்கும் உரிமை போய்விட்டது. ஆனால் வகுப்புகள் நடந்தன. பரீட்சைகள் நடந்தன. மேடை போட்டு, இசை போட்டு, தொப்பி எறிந்து, பள்ளி தானே அச்சடித்த தடித்த தாளை ஆளுக்கொன்று கையில் கொடுத்து அனுப்பியது. ஒருவருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வகுப்பில் பாதிப்பேர் முன்னாள் படையினர். அது தற்செயல் அல்ல. இராணுவம் கட்டணத்தைத் தாமதிக்காமல் கட்டும். படையில் இருந்தவர்கள் நேரத்துக்கு வருவார்கள், சொன்னதைச் செய்வார்கள், பின்வரிசையில் இருந்து கேள்வி கேட்டு ஆசிரியரைத் திணறடிக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட வாடிக்கையாளரை எந்தக் கடைக்காரன் விடுவான்? நாட்டுக்காகப் பாலைவனத்தில் நின்றவர்கள் என்று விழா மேடையில் அவர்களைத் தனியாக எழுப்பிக் கைதட்டவும் வைத்தார்கள்.

இம்மாகுலேற் பள்ளிக்குப் போனபோது நீக்கிலாஸும் லீவு எடுத்துக்கொண்டு கூடப் போனார். இயக்குநர் அம்மையார் கோப்பி கொடுத்தார். 'நிர்வாகத் தடங்கல்' என்றார். ஓகஸ்டில்தான் தங்களுக்கே தெரியவந்தது என்றார். பிறகு ஒரு சலுகை சொன்னார்: முறைப்பாடு எதுவும் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த படியான முதுநிலை 'மஸ்தேர்' வருடத்தை இலவசமாகவே படிக்கலாம்.

அதுவும் அதே பள்ளியின் தாள்தான்.

நீக்கிலாஸ் முப்பது வருடத்துப் பிரெஞ்சில் கேட்டார்: "மாதாம், அதுக்கும் அங்கி போடுவியளோ?"

அம்மையாருக்கு அந்தக் குத்தல் விளங்கவில்லை. "நிச்சயமாக, மிஸ்யூ. அதற்குத் தோளில் வேறு நிறப் பட்டியும் உண்டு" என்றார்.

நீக்கிலாஸ் கோப்பியைக் குடிக்காமல் எழுந்தார். வெளியே தெருவில் நின்று, "நான்தான் உன்னை உதுக்குள்ள தள்ளினனான்" என்றார்.

"நீங்கள் படத்துக்கு ஆசைப்பட்டனீங்கள், அப்பா. பொய் சொன்னது அவையள்" என்றார் மகள். இவ்வளவையும் தமிழில் சொன்னார்.

இராணுவ அலுவலகம் அவரைத் துரத்திவிடவில்லை. ஆனால் விதி விதிதான்: படிப்பு முடிந்ததாகக் கணக்கு, உரிமையும் முடிந்தது. பள்ளி தெரிந்தே ஏமாற்றியது என்று நீதிமன்றம் சொன்னால், கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். ஆகவே இம்மாகுலேற் வழக்குப் போட்டார். எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நின்றது. விழாவுக்கு முன்பே பள்ளிக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருக்கக்கூடிய ஒருவரைத்தான் லா சப்பல் முழுவதற்கும் தெரியுமே.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ரோமன் தேநீர்க்கடை வாசலில் வடையோடு நின்றார். மீன்கடைக்குள் இருந்து நீக்கிலாஸ் கண்டார். றப்பர் மேலங்கியோடு அப்படியே தெருவுக்கு இறங்கினார். பின்னால் இருந்து முதலாளி மகாலிங்கம் கத்தினார்: "நீக்கிலாஸ் அண்ணை, கத்தியை வைச்சிட்டுப் போங்கோ!"

கத்தியை வைத்துவிட்டுப் போனார்.

"தம்பி, இஞ்சை வாரும்."

"அண்ணே, நான் இப்ப அந்தப் பள்ளியிலயே இல்ல. விட்டுட்டேன்."

"எப்ப விட்டனீர்?"

"ஆகஸ்ட்ல."

"அப்ப யூலையில மேடைக்குப் பக்கத்தில நிண்டு கைதட்டினது ஆர், உம்மட அண்ணனோ?"

தேநீர்க்கடையில் யாரோ சிரித்தார்கள். ரோமன் சுற்றிப் பார்த்தார். "அண்ணே, ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். அண்டைக்கும் ஆக்கள் பாக்கத்தானே படத்தைக் காட்டினீர்."

சத்தம் கேட்டுச் சேலைக்கடையில் அம்மாவோடு நின்ற இம்மாகுலேற் வந்துவிட்டார். அவர் கத்தவில்லை. படையில் பழகிய குரலில், விழாவுக்கு முன் உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் பிரெஞ்சில் கேட்டார்.

ரோமன் வடையைக் கடதாசியில் சுற்றினார். பிறகு தமிழில் சொன்னார். "மார்ச்சுல சொன்னாங்க. எங்க எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு. விழா முடியிற வரைக்கும் யாரும் வாயத் திறக்கக்கூடாதுன்னு."

"இதை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தருவீங்களா?"

"அப்புறம் எனக்கு எவனும் வேலை குடுக்க மாட்டான். இந்தப் பள்ளிக்காரனுங்க எல்லாம் ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரிஞ்சவனுங்க."

"எனக்கும் வேலை குடுக்கேல்லை" என்றார் இம்மாகுலேற்.

நீக்கிலாஸ் விடவில்லை. "உம்மட தாத்தா சொல்தா எண்டீர். அந்த மனுசனை வித்து யாவாரம் செய்தது காணும்."

ரோமன் மெட்ரோ லைன் இரண்டின் படியில் ஏறிப் போனார். பிறகு லா சப்பலில் அவருக்கு யாரும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் கதை கடைக்குக் கடை போனது. அவர் மனைவி ஆன்ஜெலிக் முருங்கைக்காய் வாங்க வந்தால், பை கட்டிக் கொடுக்கும் பெண்கூட, "உங்கட அவர் எழுதிக் குடுத்திட்டாரோ?" என்று கேட்டாள். மூன்றாவது கிழமை ஆன்ஜெலிக்கே கணவனைக் கையோடு இம்மாகுலேற்றின் வழக்கறிஞரிடம் கூட்டிப் போனார். "இனிமே காய்கறி வாங்க நான் லில் ஊர் வரைக்கும் போகணுமா?" என்று அவர் வழக்கறிஞர் அறையில் கேட்டதாகச் சொல்கிறார்கள். மார்ச் மாதத்துக் கூட்டத்தில் சொல்லப்பட்டதை ரோமன் எழுதிக் கையெழுத்திட்டார்.

கோபத்தில் வேலையை விட்ட ஊழியரின் கட்டுக்கதை என்று பள்ளி பதில் அனுப்பியது. அதற்குள் வாசற்பலகையில் பெயரையும் மாற்றிவிட்டது. இந்த வருடமும் படையை விட்டு வெளியேறுகிறவர்களைத் தேடி மேசை போட்டிருக்கிறார்கள். சுவரொட்டியில் கறுப்பு அங்கியும் மேலே பறக்கும் தொப்பிகளும் இருக்கின்றன. மேசையில் வேறொரு நல்ல சட்டை உட்கார்ந்திருக்கிறது.

இம்மாகுலேற் இப்போது ருவாசி விமானநிலையத்தின் சரக்குக் கிடங்கில் பெட்டிகளை வகைப்பிரிக்கிறார். அரச பல்கலைக்கழகம் வரும் செப்ரெம்பருக்கு அவருக்கு இடம் கொடுத்திருக்கிறது. இராணுவ உரிமை திரும்பக் கிடைத்தால்தான் அவரால் ஒரு வருடம் வேலையை விட்டுப் படிக்க முடியும். வழக்கு மே மாதம் பொபினி நீதிமன்றத்தில் எடுக்கப்படுகிறது. அன்றைக்கு அவர் லீவு கேட்டிருக்கிறார். கிடங்கு இன்னும் பதில் சொல்லவில்லை.