‘தி’ போடும் இடம்

இரண்டாவது முறையும் எழுத்துப் பகுதியில்தான் தோற்றேன். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றும் தேறிவிட்டன. வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குப் போக விரும்பும் நர்சுகள் எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வு அது. எழுத்துப் பகுதியில் ஒரே கேள்விதான். ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுப்பார்கள். அவரை அடுத்துக் கவனிக்கப்போகும் டாக்டருக்கோ நர்சுக்கோ நாம் கடிதம் எழுத வேண்டும். பல வருடங்களாக வார்டில் நிற்கிறவள், நோயாளியைப் பற்றிச் சொல்ல எனக்கா தெரியாது என்ற நினைப்பில்தான் முதல் தடவை போனேன்.

அப்போது நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு வேலை. வீட்டுக்காரர் சுரங்கத்தில் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டின் பராமரிப்பில் கான்ட்ராக்ட் தொழிலாளி. எங்கள் மகள் மூன்றாம் வகுப்பு படித்தாள். வெளிநாடு என்ற பேச்சை முதலில் எடுத்தது அவர்தான். “நான் பர்மனென்ட் ஆவறதப் பாத்துகினே எத்தினி நாளு இருக்கறது? உனக்குப் படிப்பு இருக்கு, எழுதிப் பாரேன்” என்றார்.

கோட்டயத்திலிருந்து ஒரு அம்மா ஆன்லைனில் பயிற்சி கொடுத்தார். சென்னையில் பல வருடம் நர்சாக இருந்தவர் என்பதால் நன்றாகவே தமிழ் பேசுவார். என் பழைய கடிதங்களைப் படித்துவிட்டுச் சொன்னார்: “விஷயமெல்லாம் சரியா இருக்கு. வார்த்தைக்கு முன்னாடி வர்ற ‘தி’யும் ‘ஏ’யும்தான் உன்னைக் கவிழ்க்குது. வேண்டிய இடத்துல இல்ல, வேண்டாத இடத்துல இருக்கு.”

பள்ளியில் படித்தது எனக்கு நினைவிருந்தது. சூரியன், சந்திரன், ஆறுகள், மலைத்தொடர்கள், இவற்றுக்கெல்லாம் ‘தி’ போட வேண்டும். எங்கள் வார்டுக் குறிப்புகளில் சந்திரனுக்கு வேலையே கிடையாது. இன்னொரு விதியும் இருந்தது: ஒன்றை முதல் தடவை சொன்னால் ‘ஏ’, அடுத்த தடவை ‘தி’. அதைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். நோயாளியின் இதயத்துக்கு ‘ஏ’ போட்டிருந்ததைப் பார்த்து அந்த அம்மா, “அவருக்கு எத்தனை இதயம்மா?” என்று கேட்டார். அடுத்த வாரம் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் ‘தி’ போட்டேன். சர்க்கரை நோய்க்கும் போட்டேன். அதுவும் தப்பு.

ஒரு நாள் எனக்கு விடுப்பு. வீட்டுக்காரர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் வந்து சேர்ந்தார். டீ போடலாம் என்று பால் பாக்கெட்டைக் கத்தரித்தால் திரிந்து கிடந்தது. காலையில் கிளம்பும்போது அவர் வாங்கிச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போன பாக்கெட். வெயில் காலம். நான் எடுத்து உள்ளே வைக்கவில்லை.

“காலையிலயே போன் பண்ணிக் கேட்டேனே. காச்சிட்டேன்னு சொன்ன?”

“பால் காச்சினியான்னு கேட்டீங்க. பாப்பாவுக்குக் காச்சிக் குடுத்தேன். ஃப்ரிட்ஜ்ல நேத்து பால் இருந்துச்சு.”

“நான் எங்க பால் காச்சினியான்னு கேட்டேன்? பாலைக் காச்சினியான்னு கேட்டேன். பால்னா எதா இருந்தா என்னா? பாலைன்னா, நான் வாங்கியாந்து வெச்ச பாலுதானே?”

“ஒரு ‘ஐ’க்கு இவ்ளோ சண்டையா?”

“அந்த ஒரு ‘ஐ’யால பாலு போச்சே!”

அவர் கோபமாகப் போய் முகம் கழுவினார். நான் பாலைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டே அந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லிப் பார்த்தேன். பால் காய்ச்சினியா, பாலைக் காய்ச்சினியா. வார்டில் டாக்டர், “மாத்திரை குடுத்தீங்களா சிஸ்டர்?” என்பார். சில சமயம், “மாத்திரையைக் குடுத்தீங்களா?” என்பார். இரண்டாவது கேள்வி, அவர் காலையில் எழுதிக் கொடுத்த அந்த மாத்திரையைப் பற்றியது. எனக்கு ஒரு தடவைகூட அதில் குழப்பம் வந்ததில்லை. முதல் தடவையா இரண்டாம் தடவையா என்று எண்ணிப் பார்த்ததும் இல்லை. எது என்று கேட்கிறவருக்குத் தெரியுமா, அவ்வளவுதான் கணக்கு. நோயாளிக்கு இதயம் ஒன்றுதான், படிக்கிறவருக்கு அது தெரியும், அதனால் முதல் தடவையே ‘தி’. கை கழுவாமலே அறைக்குள் போய் இதை அவரிடம் சொன்னேன். “முதல்ல டீக்கு ஒரு வழி பண்ணு” என்றார். பிறகு அவரே கடைக்குப் போய் வேறு பால் வாங்கி வந்தார்.

அன்றைய வகுப்பில் அந்த அம்மாவிடமும் சொன்னேன். “எங்க மலையாளத்துல இது இப்படி வராது. உனக்கு உதவுதுன்னா வெச்சுக்கோ. ஆனா இது மட்டும் போதும்னு நம்பிடாதே” என்றார்.

அவர் சொன்னது சரிதான். மனிதர்கள் வரும் இடத்தில் நான் விழுந்தேன். தமிழில் யாரோ ஒரு டாக்டராக இருந்தாலும் டாக்டரைப் பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும். டாக்டர் பார்த்தேன் என்று யாரும் சொல்வதில்லை. எழுவாயாக வரும் சொல்லுக்கோ உருபே கிடையாது. அந்த இடங்களுக்கு மட்டும் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

அதற்கு வீட்டுக்காரரைப் பிடித்தேன். கடிதத்தை வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் ஷிஃப்ட் முடிந்த களைப்பில் தரையில் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் “எந்த?” என்று கேட்க வேண்டும். அவருக்கே பதில் தெரிந்தால் ‘தி’, தெரியாவிட்டால் ‘ஏ’.

“மகள் வெளிநாட்டில் இருக்கிறாள்” என்று ஒரு நாள் படித்தேன். ‘தி’ போட்டிருந்தேன்.

“எந்த மவ?”

“அந்த நோயாளிக்கு ஒரே மகதான்.”

“அத நீ எங்க சொன்ன? எனக்கு எப்படித் தெரியும்?”

‘தி’யை அடித்துவிட்டு, அவருடைய ஒரே மகள் என்று மாற்றினேன். தனியாக வாழும் ஒரு வயதானவரை வீட்டுக்கு அனுப்பும் கடிதம் அது. வீட்டுக்காரர் அடுத்த “எந்த?” கேட்கவில்லை. கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணு வந்து பாக்குமா?”

“குறிப்புல அது இல்லீங்க.”

“நீ போயிட்டா பாப்பா ராத்திரில யாரத் தேடும்?” என்றார். அதுவரை அவர் அதைக் கேட்டதே இல்லை. வேணாம்னா இப்பவே விட்டுடலாம் என்றேன். “விடச் சொல்லல. கேட்டேன்” என்றார். திரும்பக் கண்ணை மூடிக்கொண்டு, “மேல படி” என்றார்.

மூன்றாவது முறை சென்னையில் எழுதினேன். கேள்வியில், காலில் ஆறாத புண்ணோடு வீடு திரும்பும் ஒரு பெண்மணி வந்தார். புண்ணுக்கும் இடது காலுக்கும் யோசிக்காமல் ‘தி’ போட்டேன். அவர் புதிதாக வாங்க வேண்டிய வாக்கருக்கு ‘ஏ’. சர்க்கரை நோய்க்கு ஒன்றும் இல்லை, அது மனப்பாடம்.

முடிவு வந்தபோது டியூட்டி அறையில் இருந்தேன். கூட இருந்த சிஸ்டர்தான் போனைப் பிடுங்கிப் பார்த்து, “பாஸாயிட்டே!” என்று கத்தினாள். நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது வீட்டுக்காரர் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அவருக்குப் பின்னல் போடத் தெரியாது. எப்போது கற்றுக்கொண்டார் என்று நான் கவனிக்கவே இல்லை. சீப்பைக் கீழே வைக்காமல், “எப்போ கெளம்பணும்?” என்று கேட்டார். அதன்பிறகுதான் சிரித்தார்.

அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை வேலை கொடுத்திருக்கிறது. முதலில் நான் மட்டும் போகிறேன். விசா கிடைத்ததும் அவர்கள் இருவரும் வருவதாக ஏற்பாடு. போன வாரம் அவர்களுடைய விசா விண்ணப்பத்துக்கு மெயின் பஜாரில் போட்டோ எடுத்தோம். மகள் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடினாள். அவர் விறைப்பாக உட்கார்ந்து, “சிரிக்கலாமா, கூடாதா?” என்று போட்டோக்காரரிடம் கேட்டார்.

“கூடாதுங்க” என்றார் போட்டோக்காரர். அதைக் கேட்டதும் எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடங்கும்வரை அவர் கேமராவோடு காத்திருந்தார்.